உள்பக்கம்

ரூவியில் ஜூன் மாதம்
பச்சைத்தண்ணிக் குழாயில்தான் வெந்நீர் வரும்.
ஹீட்டரை அணைத்துப் போட்டு
அதற்குள் கிடந்து ஆறியதைத்தான்
தலைக்கு ஊற்றிக்கொள்வோம்.
எட்டு வருடத்தில் இதெல்லாம் பழகிவிட்டது.

முன்கதவுக்கு இரண்டு பூட்டு, ஒரு சங்கிலி.
எட்டிப் பார்க்கும் கண்ணாடியின் மேல்
மீன் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று,
வெளியிலிருந்து யாரும் பார்த்துவிடாமலிருக்க.
ஜெபிஷாவுக்குப் பதினோரு வயது.
வேன் வரை நான் போவேன்,
வேனிலிருந்து நான் கூட்டி வருவேன்.
லிஃப்டின் பொத்தானை
அவள் விரல் தொட்டதில்லை.

அவள் அப்பா துகும் துறைமுகத்தில்.
ராத்திரி எட்டரைக்குத்தான் போன் கையில் கிடைக்கும்.
எடுத்ததும் கேட்பது, கதவு பூட்டியா?

அன்றைக்குப் பூட்டிக்கொண்டது குளியலறை.
கைப்பிடி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது,
கழுத்து திருகிய கோழி மாதிரி.
ஜன்னல் கிடையாது.
காற்றாடி ஓடும் ஓட்டை வழியாக
யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் மணம் மட்டும்.

"அம்மா, அப்பாக்கு அடிச்சேன். எடுக்கல்ல.
வாட்ச்மேன் மாமாவக் கூப்பிடட்டா?"
"வேண்டாம் மக்களே. கதவத் தெறக்காண்டாம்."
"அப்பம் நீ எப்பிடி வெளிய வருவ?"
எட்டரை வரை இங்கேயே இருக்கிறேன் என்றேன்.
மணி அப்போது நாலே கால்.
ஈரத் துண்டோடு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து
அதை நான் உண்மையாகவே சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சங்கிலி உருவும் ஓசை.
மேல் பூட்டு.
கீழ்ப்பூட்டு முரண்டு பிடிக்கும்,
கதவை முட்டியால் அழுத்திக்கொண்டு திருக வேண்டும்.
அழுத்தினாள். திருகினாள்.
எப்போது பார்த்து வைத்தாள்?

ஜெபி என்று கத்தினேன்.
கத்தல் ஓடுகளில் மோதி என்னிடமே வந்தது.
செய்தியில் வாசித்த பிள்ளைகள் எல்லாரும்
ஒருவர் பின் ஒருவராக
அவள் முகத்தோடு வந்தார்கள்.
ஹோண்டா ரோட்டின் ஹாரன் ஒவ்வொன்றும்
அவளைப் பார்த்து அடித்ததாகவே இருந்தது.
குழாய் சொட்டுவதை எண்ணினேன்.
முந்நூற்றிச் சொச்சத்தில் விட்டுப்போக
மறுபடி ஒன்றிலிருந்து.

காலடிகள். ஒன்றல்ல, பல.
இந்தியில் ஒரு குரல்,
செருப்பை வெளியே விடச் சொல்லிற்று.
இன்னும் கொஞ்சம் ஓங்கி,
முன்கதவை மூடக் கூடாது, விரியத் திறந்து கிடக்கட்டும் என்றது.
யாரோ பெரிய பெண் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மூன்று ரியால் என்றான் வந்தவன்.
ஒன்றரை என்றது குரல்,
பூட்டு நாங்களே வாங்கிக்கொள்வோம், நீ கழற்று போதும்.
இடையில் வளையல் சத்தத்தோடு ஓர் அரபிச் சிரிப்பு.
எதிர் வீட்டு சூடான்காரி.
நாலு வருடமாக நான் தலை மட்டும் ஆட்டியிருக்கிறேன்.
அவள் பெயர் இக்லாஸ் என்பது
ஜெபி கூப்பிட்டபோதுதான் தெரிந்தது.
கதவைத் தட்டி முதலில்
துணைக்கு அவளைத்தான் சேர்த்திருக்கிறாள்,
பிறகுதான் வாட்ச்மேன்,
பிறகுதான் இந்த ஆள்.

ட்ரில் அலறி நின்றது.
கைப்பிடி விழுந்த இடத்தில்
ஆரஞ்சுப் பழம் அளவுக்கு வெளிச்சம்.
அதில் ஒரு கண்.
"அம்மா, துண்டு இருக்கா?
எல்லாரையும் திரும்பி நிக்கச் சொல்லட்டா?"

வெளியே வந்து கட்டிக்கொள்ளவில்லை.
"லிஃப்டில யாரு இருந்தா?" என்றுதான் கேட்டேன்.
"படியிலதான போனேன்.
அந்த லிஃப்டு நடுவுல நிக்கும், ஒனக்குத் தெரியாதா?"
மிச்ச அரை ரியாலை எண்ணி
மேசையில் வைத்தாள்.
நூறு பைசா குறைந்தது.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்,
வாயில் ஐஸ் குச்சியோடு.

எட்டரைக்கு போன்.
நான் துணி சுருட்டி ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தேன்.
அவள்தான் எடுத்தாள்.
வழக்கமான கேள்வி இங்கே வரைக்கும் கேட்டது.
"பூட்டியாச்சுப்பா" என்றாள்.
"அம்ம வெளியதான் இருக்கா."